பங்களா ஹாலின் ஏழு உத்தரங்கள்

எங்கள் மூணாங்கல் தோட்டத்துப் பெரிய பங்களா இப்போது ஹோட்டல். அதன் மானேஜர், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பெண், சென்ற மாதம் என் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி இறங்கினாள். "மாமே, அப்பிட்ட இதிஹாசய டிகக் ஓனே" என்றாள். எங்களுக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும் என்கிறாள். கடையில் அரைக் கிலோ சீனி கேட்பது போலிருந்தது.

கையில் வழவழப்பான ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுப்பதாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வாசித்துக் காட்டினாள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்த ஓர் ஆங்கிலேயக் கனவான் இந்த மலையின் அழகில் மயங்கி, தன் சொந்தக் கைகளால் இந்த வீட்டைக் கட்டினாராம். சொந்தக் கைகளால்! அந்தக் கனவானின் படம் ஹாலில் தொங்கிய காலத்தில் அதை இறக்கித் துடைத்து மாட்டியவன் நான். படத்தில் அவர் கைகள் இரண்டும் மடியில் கிடக்கும். ஒரே ஒரு கல்லைத் தூக்கியிருந்தால் அந்த விரல்கள் அன்றைக்கே வீங்கியிருக்கும்.

நான் அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் குறித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பங்களாவுக்கு மொத்தம் நாற்பத்தொரு கதவு. மிச்சத்தைக் கேட்கும்போது பேனாவை மூடிவிட்டாள். வருகிறவர்கள் லீவுக்கு வருகிறார்கள், கேட்டால் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றாள். அந்த மாதிரிச் சரக்கு என்னிடம் இல்லை. இருப்பதை எழுதி வைக்கிறேன்.

என் பெயர் ராமையா. பலாங்கொடையிலிருந்து தோட்டத்து பஸ் ஏறினால் அது மூச்சு வாங்கி நிற்கிற கடைசி இடம் எங்கள் தோட்டம். அங்கே முப்பத்தெட்டு வருடம் தச்சு வேலை பார்த்தேன். தச்சனை அங்கே பாஸ் என்பார்கள். எல்லோருக்கும் நான் ராமையா பாஸ். வேலை கற்றது பியசேன பாஸ் என்ற சிங்களவரிடம். ஓப்பநாயக்கவிலிருந்து வருவார். நாலு வருடம் அவருக்குப் பலகை பிடித்தேன். பிறகு உளி பிடித்தேன். அவர் ஒரு நாளும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. பிழையாகச் செய்தால் என் கையிலிருந்து சாமானைப் பிடுங்கி அவரே செய்வார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். அவர் ஓய்வு பெற்றதும் தோட்டத்து மர வேலை முழுக்க என் தலையில் வந்தது.

பங்களாவை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரே வீடு. அதைப் பிரித்துப் பூட்டியவனுக்கு அது மூன்று வீடு. நடுவில் இருக்கும் ஹாலும், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறையும்தான் முதல் வீடு. வரிசையாக மூன்று அறை. தொழிலாளர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களும் அப்படித்தான் இருக்கின்றன. துரைமாரும் ஆரம்பத்தில் லயத்தில்தான் குடியிருந்திருக்கிறார்கள், கூரையை மட்டும் உயரத்தில் போட்டுக்கொண்டார்கள். சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. எல்லாம் கபுக் கல். மலைச்சரிவில் மண்ணோடு மண்ணாக வெட்டியெடுத்து, வெயிலில் போட்டால் இறுகிப் போகிற செம்மண் நிறக் கல் அது. கல்லுக்குக் கல் நடுவில் வெறும் களிமண். அதற்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சை உரித்தால் பகட்டெல்லாம் போய்விடும்.

தேயிலையும் ரப்பரும் வந்து கையில் காசு புரண்ட பிறகு முன்பக்கம் அகலமான வராந்தாவும் இரண்டு பக்கம் படுக்கையறைகளும் சேர்ந்தன. அது இரண்டாவது வீடு. கடைசியாக யாரோ ஒரு துரை கார் நிறுத்த சீமெந்தில் ஒரு போர்டிகோ ஒட்டினார். நல்ல சேலை கட்டியவள் தலையில் தகர வாளியைக் கவிழ்த்தது போல அது இன்றைக்கும் நிற்கிறது. ஹோட்டல் புத்தகத்தின் அட்டையில் அதன் படம்தான் இருக்கிறது.

கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் பின்னால் ஒரு குளியலறை. ஒவ்வொரு குளியலறைக்கும் வெளிப்பக்கமாக ஒரு குட்டிக் கதவு, குனிந்துதான் நுழைய வேண்டும். ஹோட்டல்காரர்கள் அதைத் 'துரைசாணியின் இரகசியப் பூந்தோட்ட வாசல்' என்று எழுதியிருக்கிறார்கள். என் அப்பா அந்தத் தோட்டத்து வாசக்கூட்டி. சாக்கடைக் காண்களைக் கூட்டுவதும் மலம் அள்ளுவதும் அவர் வேலை. துரைமார் எழும்புவதற்கு முன்னால் அந்தக் குட்டிக் கதவால் நுழைந்து, கக்கூஸ் வாளியை எடுத்துக்கொண்டு, அதே கதவால் வெளியே போய்விட வேண்டும். வீட்டுக்குள்ளே யாருடைய கண்ணிலும் படக்கூடாது. அதற்காகவே செய்த கதவு அது. குழாய்க் கக்கூஸ் வரும்வரை அப்பா பதினாறு வருடம் அதால் போய் வந்தார். பூ ஒன்றும் பறித்துக்கொண்டு வந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி ஹாலின் கூரை. நான் வேலை பழகிய காலத்தில் பியசேன பாஸ் என்னை முதன்முதலாக ஹால் சீலிங்குக்கு மேலே ஏற்றினார். மேலே ஏழு உத்தரங்கள் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரே பலா மரத்தில் இழைத்தது, என் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிக்க முடியாத தடிப்பு. ஒவ்வொன்றின் தலைப்பிலும், சுவருக்குள் புகும் இடத்துக்குச் சற்று முன்னால், உளியால் ஏதோ வெட்டியிருந்தது. "மே மொனவாத?" என்று பாஸ் கேட்டார். இவை என்னவென்று அவருக்கு அத்தனை வருடமும் தெரியாது. விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பார்த்த எழுத்துகள். ௧, ௨, ௩, ௪ என்று ஏழு வரைக்கும் தமிழ் இலக்கம். எந்த உத்தரம் எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்று தரையில் வைத்து இழைத்தபோது போட்ட அடையாளம். கனவானின் சொந்தக் கைகள் தமிழில் எண்ணியிருக்கின்றன.

அந்த ஏழு உத்தரங்களின் வேலை என்னவென்று விளங்கினால்தான் மிச்சக் கதை விளங்கும். கூரையின் இரண்டு சரிவும் ஓட்டின் பாரத்தோடு கீழே இறங்கி, சுவர்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இரவு பகல் ஓயாத தள்ளல். களிமண் வைத்துக் கட்டிய சுவர் அதைத் தாங்காது. இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வைத்திருப்பவை அந்த உத்தரங்கள். இடையில் ஒருவர் கையை விட்டால் போதும்.

ஒவ்வொரு வருடமும் பெரிய மழைக்கு முன்னால் நான் மேலே ஏறிப் பார்ப்பேன். முதலில் உளிப்பிடியால் ஒவ்வொரு உத்தரத்தையும் மூன்று இடத்தில் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று திருப்பிக் கொடுக்கும். உளுத்த மரம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவனைப் போல் முனகும். சந்தேகம் வந்தால் குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். நகத்தளவுக்கு மேல் இறங்கக்கூடாது. பிறகு கீழே வந்து சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேலும் நடுவிலும் அடியிலும் நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி அளந்து கொப்பியில் எழுதுவேன். கணக்கப்பிள்ளை சிரிப்பார். "பங்களா எங்கயும் ஓடிப் போயிருமா பாஸ்?" என்பார். என் காலத்தில் அந்தச் சுவர் ஒரு நூல்கூட நகரவில்லை. கம்பனி எங்கள் பெரிய துரையை அனுப்பி வைக்கும்வரை.

வெள்ளைக்காரர் போன பிறகும் தோட்டத்து மானேஜருக்கு எங்களிடம் துரை என்றுதான் பெயர். அந்தத் துரையின் சொந்தப் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உயரமான மனிதர், எப்போதும் இஸ்திரி குலையாத சட்டை, பேச்சு நாயோடுதான். தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் என்னைப் போன்ற ஆட்களோடு நேரே பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று எண்ணம். நான் வராந்தாப் படியில் நிற்பேன். அவர் கதிரையில் இருந்தபடி, பங்களாச் சமையல்காரர் மரியதாஸிடம் பேசுவார்.

"மரியதாஸ், பாஸுக்கு சொல்லு. பாத்ரூம் கதவு சத்தம் போடுது."

இரண்டு அடி தள்ளி நிற்கும் எனக்கு அது காது கிழியக் கேட்கும். மரியதாஸ் என் பக்கம் திரும்பி, "பாஸ், பாத்ரூம் கதவு சத்தம் போடுதாம். நேரம் கெடைக்கிறப்ப கொஞ்சம் பாத்துருங்கன்னு தொர சொல்றாரு" என்பார். நேரம் கிடைக்கிறபோது என்பதும் கொஞ்சம் என்பதும் அவராகச் சேர்த்த சீனி. இருபத்திரண்டு வருடமாக அவர் துரைமாரின் பேச்சை இப்படித்தான் சமைத்து எங்களுக்குப் பரிமாறினார். எனக்குச் சொந்தக்காரரில்லை. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

கொழும்பில் ஏதோ ஹோட்டலுக்குப் போய் வந்த துரைக்கு ஒரு யோசனை பிறந்தது. கம்பனி டிரெக்டர்மார் தோட்டத்துக்கு வரப்போகிறார்கள். அதற்குள் ஹாலின் சீலிங்கைக் கழற்றி, கூரை உச்சிவரை திறந்துவிட்டு, நடுவில் பெரிய கண்ணாடிச் சரவிளக்கு தொங்கவிட வேண்டும். சீலிங்கைக் கழற்றினேன். பலகைகளுக்கு மேலே உத்தரங்கள் தெரிந்தன. துரை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மரியதாஸ், பாஸுக்கு சொல்லு. இந்த மரமெல்லாம் அசிங்கமா இருக்கு. வெட்டி எடுக்க சொல்லு."

மரியதாஸ் திரும்புவதற்குள் நானே நேரே சொன்னேன். "தொர, அத வெட்ட முடியாதுங்க. அந்த ஏழும்தான் ரெண்டு செவத்தையும் பிடிச்சிக்கிட்டு இருக்கு. வெட்டினா செவுரு வெளிய சாஞ்சிரும்."

துரை நாயின் தலையைத் தடவினார். "மரியதாஸ், பாஸ் எந்த யூனிவர்சிட்டியில படிச்சாருன்னு கேளு."

மரியதாஸ் அன்றைக்கு அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டினாலும் பரவாயில்லீங்க. என் கையால வெட்ட மாட்டேன். வெட்டித்தான் ஆகணும்னா எழுத்துல குடுங்க."

எழுத்தில் தர துரை என்ன பைத்தியமா? அடுத்த வாரம் கொழும்பிலிருந்து அலங்கார வேலைக்காரர்கள் மூன்று பேர் மெஷின் வாளோடு வந்தார்கள். இரண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒன்றாம் ஏழாம் உத்தரங்களை விட்டுவிட்டு, நடுவில் இருந்த ஐந்தையும் சுவரோடு ஒட்டி அறுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கிடந்த மரங்கள். காலைத் தேநீருக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடையில் வேலை முடிந்தது. அறுத்த துண்டுகளை வீணாக்காமல் துரை அவற்றைச் சேர்த்து வராந்தாவில் ஒரு பெரிய மேசை செய்வித்தார், போத்தல்களும் கிளாஸ்களும் வைப்பதற்கு. தலைப்புகளில் இருந்த இலக்கங்கள் பார்வைக்கு அழகாக இருக்கின்றன என்று அவற்றை முன்பக்கம் தெரியும்படி வைக்கச் சொன்னார். அந்த மேசை இப்போதும் ஹோட்டலில் இருக்கிறது. மூழ்கிப்போன இங்கிலாந்துக் கப்பலின் மரமாம் அது. அதில் இருப்பவை மாலுமிகளின் குறியீடுகளாம்.

பத்து நாளில் மழை பிடித்தது. எங்கள் சப்பிரகமுவ மாகாணத்து மழை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடு தண்ணீரைக் குடித்துக் கனத்தது. ஹாலின் பின்சுவர் பக்கச்சுவரைச் சந்திக்கும் மூலையில் தலைமயிர் அளவு ஒரு வெடிப்பைக் கண்டேன். வெடிப்பு பழையதா புதியதா, நிற்கிறதா நடக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. உடைந்த யன்னல் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டினேன். வெடிப்புக்குக் குறுக்கே மேலும் நடுவிலும் கீழும் ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு நுனியையும் சீமெந்துச் சாந்தால் சுவரோடு இறுக்கினேன். கண்ணாடிக்கு இழுபடத் தெரியாது. சுவர் சற்று அசைந்தாலும் அது உடைந்து சொல்லிவிடும்.

வியாழக்கிழமை மேல் துண்டு உடைந்தது. வெள்ளிக்கிழமை காலை நடுத்துண்டு. தூக்குக்குண்டு வைத்து அளந்தேன். பின்சுவரின் உச்சி முக்கால் அங்குலம் வெளியே போயிருந்தது. துரையிடம் ஓடினேன்.

"தொர, செவுரு நடக்குதுங்க. நாளைக்கு ஹாலுக்குள்ள யாரையும் விடாதீங்க. நான் இன்னிக்கே பின்னால முட்டுக்கால் குடுக்கிறேன்."

"மரியதாஸ்," என்றார் துரை, "செவத்துல கண்ணாடிய ஒட்டினா ஒடையாம பூக்குமான்னு கேளு. நாளைக்கு டிரெக்டர்மார் வர்ற நேரம் பின்பக்கம் ஒரு தடி தெரியக்கூடாது."

நான் படியிறங்கிக் குசினிப் பக்கம் போனேன். மரியதாஸ் பின்னால் வந்தார்.

"மச்சான், உண்மையாவே விழுமா?"

"விழும். எப்பன்னுதான் தெரியாது."

"அப்ப நான் ஹால்ல மேச போட மாட்டேன். வராந்தாவுல போடுறேன். ஹால் ஃபேன் பழுதுன்னு சொல்லிக்கிறேன். நீ அதுக்குள்ள ஃபேன பழுதாக்கிரு."

முப்பத்தெட்டு வருடத்தில் பங்களாவில் நான் வேண்டுமென்று பழுதாக்கிய ஒரே சாமான் அந்த ஃபேன்தான்.

சனிக்கிழமை பகல் டிரெக்டர்மார் நால்வரும் வராந்தாவில் சாப்பிட்டார்கள். துரைக்கு மரியதாஸ் மேல் கோபம், ஆனால் விருந்தாளிகள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. நான் பின்பக்கத்தில், துரையின் கட்டளையை மீறி, சவுக்குத் தடிகளை வெட்டி முட்டுக் கொடுக்க அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கண்ணாடியும் காலையிலேயே உடைந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் துரை எழுந்து, தன் புது ஹாலைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அவர்களைக் கூப்பிடுவது கேட்டது. மரியதாஸ் தட்டோடு வாசலில் குறுக்கே நின்றிருக்கிறார். தரை இப்போதுதான் பொலிஷ் போட்டது, வழுக்கும் என்று சொல்லியிருக்கிறார். துரைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வழிய விடு. உள்ள போய் லைட்ட போடு, வெளிய இருந்தே பாக்கட்டும்."

சரவிளக்கின் சுவிட்ச் பின்சுவரில் இருந்தது. மரியதாஸ் போனார். அவர் போகிறதைத் திறந்திருந்த பின்கதவால் நான் பார்த்தேன். "மச்சான், வராத!" என்று கத்தினேன். சுவர் விழும்போது பெரிய சத்தம் வரும் என்று நினைப்பார்கள். முதலில் வந்தது ஒரு பெருமூச்சுதான். களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் விலகிப் பாய்ந்தேன். பிறகு சுவரின் நடுப்பகுதி முழுக்க என் பக்கமாக வயிறு தள்ளிச் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் ஓடுகளின் சத்தம்.

தூசிக்குள்ளே முன்பக்கத்திலிருந்து ஒரு டிரெக்டர் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. உள்ளே யாராவது இருக்கிறார்களா? அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கும். துரை சொன்ன பதிலும் விளங்கியது.

"நோ, நோ. நோபடி."

ஒருவரும் இல்லையாம். மரியதாஸுக்கு அந்தத் துரை வைத்த கடைசிப் பெயர் அது. நானும் தோட்டக்காரர்கள் இரண்டு பேரும் கையாலேயே கல்லைப் புரட்டினோம். கதவு நிலை சரிந்து அவருடைய தலைக்கு மேல் கூடாரம் போல் நின்றிருந்தது. தலையும் உடம்பும் தப்பின. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசிந்துவிட்டது. வெளியே இழுத்தபோது, "விருந்தாளிங்க யாரும் உள்ள வரலயே?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார். கால் மிஞ்சியது, ஆனால் மடங்காது. அங்கே துரை ஒரு பை நிறைய ஆப்பிளோடு போய்ப் பார்த்தாராம். அவர் வாழ்நாளில் முதன்முறையாக நாயில்லாமல் வந்து, மரியதாஸிடம் இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறார். ஹாலில் கொஞ்சம் உட்கார்ந்து ஆறலாம் என்று நீயாகத்தான் போனாய், பாஸ் உன்னிடம் ஆபத்தென்று ஒன்றும் சொல்லவில்லை, அப்படித்தானே என்று கேட்டாராம். மரியதாஸ் ஆப்பிளை நர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். பங்களா வராந்தாவிலேயே விசாரணை. எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை, அது துரைக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். ஹாலின் உத்தரங்கள் கறையான் தின்று உளுத்துப்போய், தலைக்கு மேல் ஆபத்தாகத் தொங்கினவாம். வேறு வழியின்றி அவற்றை அகற்ற வேண்டியதாயிற்றாம். தச்சு பாஸ் வருடக்கணக்கில் அவற்றைக் கவனிக்காமல் விட்டதே எல்லாவற்றுக்கும் காரணமாம். என் அளவுக் கொப்பியைக் காட்டினேன். அதிகாரி புரட்டிவிட்டு, இதை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்றார்.

மரியதாஸை இரண்டு பேர் தூக்கிவந்து கதிரையில் இருத்தினார்கள். அவரிடம் கேட்டபோது, "தொர உள்ள போய் லைட்ட போடுன்னாரு. நான் போனேன்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் துரை ஒருவரின் பேச்சை ஒரு சொல்கூடச் சேர்க்காமல் அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உத்தரங்கள் நன்றாக இருந்தன என்கிறாய். துரை உளுத்தவை என்கிறார். அவை எங்கே?"

"விறகுக்கு எரித்தாயிற்று" என்றார் துரை, நான் வாயைத் திறப்பதற்குள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "ஐயா," என்றேன், "உங்கள் டீக்கோப்பை இருப்பது நாலாம் உத்தரத்தின் மேல். உங்கள் முழங்கை இருப்பது ஐந்தாவதின் மேல்."

அதிகாரி கோப்பையைத் தூக்கினார். நான் கிட்டப் போய் இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தேன். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஒன்றும் ஏழும் இன்னும் சுவரில் இருக்கின்றன, ஏறிப் பார்க்கலாம் என்றேன். உளிப்பிடியால் மேசையைத் தட்டினேன். கணீரென்றது. குத்தூசியை அவர் கையிலேயே கொடுத்தேன். விரும்பிய இடத்தில் குத்திப் பாருங்கள் என்றேன். அவர் இரண்டு இடத்தில் குத்தினார், ஊசி நகத்தளவுகூட இறங்கவில்லை. துரை காகிதக் கட்டை ஒழுங்காக அடுக்கினார், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த கட்டை.

இதற்குப் பிறகு நியாயம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அறிக்கையில் கடும் மழையே காரணம் என்று வந்தது. மழைக்கு இடமாற்றம் கொடுக்க முடியாதாகையால் துரைக்குக் கொடுத்தார்கள், இதைவிடப் பெரிய தோட்டத்துக்கு. எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மேலதிகாரிகள் முன்னிலையில் சிரித்ததற்கு எச்சரிக்கை. ஆனால் என் வேலையில் கை வைக்கவில்லை. மரியதாஸைக் கைவிடவும் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. கால் தேறியதும் பங்களா ஸ்டோர் சாவியைக் கொடுத்து உட்கார்ந்து பார்க்கும் வேலையில் போட்டார்கள். அந்த மேசை வராந்தாவில் அவர்கள் கண்ணெதிரே நின்றதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சுவரைத் திரும்பக் கட்டி, கூரையைப் போட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. கீழ் டிவிஷனில் ஐந்து பலா மரம் பார்த்து வெட்டி, நிழலில் காயவைத்து, தரையில் வைத்து இழைத்தேன். தலைப்புகளில் இரண்டு முதல் ஆறு வரை என் உளியால் இலக்கம் வெட்டினேன், தமிழில்தான். கடைசி ஓடு வைத்து முடித்த அன்று பகல், மரியதாஸ் ஊன்றுகோலோடு பார்க்க வந்தார். ஹாலுக்குள் நுழைந்து அண்ணாந்து ஏழையும் எண்ணினார். சாப்பாட்டு மேசையை அன்று காலைதான் உள்ளே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தலைமாட்டில் துரைமார் உட்காரும் கைப்பிடிக் கதிரை.

"கால் வலிக்குது மச்சான்" என்று சொல்லி அதில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்றவர். "இங்கேயிருந்து பாத்தா மலை இப்பிடித் தெரியுமா? சனியன்க, ஒரு நாளும் சொல்லலியே."

நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் சாப்பாட்டுப் பார்சலை மேசையில் பிரித்தேன். ரொட்டியும் கட்ட சம்பலும். பாதி அவருக்கு. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வராந்தாவில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. புதிய துரை கதவடியில் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். எதையோ எதிர்பார்த்து நின்றார்.

மரியதாஸ் நீட்டிய காலைத் தொட்டுக் காட்டி, "எந்திரிக்க முடியாதுங்க தொர" என்றார்.

துரையின் கண் என் பக்கம் திரும்பியது. எனக்கு இரண்டு காலும் நல்ல கால்கள். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டேன். எழும்பவில்லை.